இடம் இருக்கிறது, ஏட்டில் வரி இல்லை!

"டிஸ்கில் இடமில்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. டிஸ்கில் முக்கால் பங்கு காலியாகக் கிடக்கும்போதே, புதிதாக ஒரு பைல் கூட எழுத முடியாமல் அது நின்று போகலாம். அப்போது தீர்ந்து போயிருப்பது இடம் அல்ல. எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று பதிந்து வைக்கும் ஏட்டின் வரிகள். அந்த வரி ஒவ்வொன்றுக்கும் பைல் ஹெடர் என்று பெயர்.

சித்தூரிலும் திருப்பதியிலும் அலுவலகங்களில், லாட்ஜுகளில், டிராவல்ஸ் கம்பெனிகளில், மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து வயிறு வளர்க்கும் நம்மவர்கள் ஏராளம். கவுண்டருக்கு வெளியே வரிசையில் நிற்கும் நம்மவர்கள் அதைவிட ஏராளம். "கம்ப்யூட்டர் பனி சேயட்லேது, ரேப்பு ரண்டி" என்ற வார்த்தையைக் கேட்டுத் திரும்பாதவர் நம்மில் யார்? குமாஸ்தாவுக்கு அது ஒரு நாள் தலைவலி. தினக்கூலிக்காரருக்கோ ஒரு நாள் கூலி. ஆகவே, டிஸ்கின் இடத்தைக் கணக்குப் பார்ப்பது போலவே ஹெடர்களையும் கணக்குப் பார்த்து, எழுதி வைக்க வேண்டும் என்று வற்புறுத்துவது எஞ்சினியர்களுக்கு மட்டும் உரிய பேச்சு ஆகாது. அது நம்முடைய பிழைப்பைத் தொட்ட பேச்சு.

ரிக்கார்டு ரூம் உதாரணம்

பழைய ரிக்கார்டு ரூம் ஒன்றை நினைத்துக் கொள்வோம். ஒரு பக்கம் மரத்தட்டுகளில் கட்டுக் கட்டாகக் காகிதம். வாசலருகே மேஜை மேல் ஒரு ரிஜிஸ்டர். ஒவ்வொரு கட்டு உள்ளே வரும்போதும் ரிஜிஸ்டரில் ஒரு வரி: கட்டின் பெயர் என்ன, யாருடையது, என்றைக்கு வந்தது, யார் பார்க்கலாம், எந்தத் தட்டில் இருக்கிறது. இந்த வரி இல்லாமல் எந்தக் கட்டையும் ரிக்கார்டு கீப்பர் உள்ளே விடமாட்டார். விட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ரிஜிஸ்டர் ஒன்றே ஒன்றுதான். அதன் பக்கங்கள் பைண்டு செய்த அன்றே எண்ணி முடிக்கப்பட்டவை என்றும் வைத்துக் கொள்வோம். கடைசிப் பக்கத்துக் கடைசி வரியும் நிரம்பிவிட்டது. உள்ளே பாதித் தட்டுகள் காலி. புதிதாக ஒரு கட்டு வருகிறது. ரிக்கார்டு கீப்பர் என்ன செய்வார்? "இடமில்லை" என்றுதான் சொல்வார். எட்டிப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தட்டுகள் காலியாகத் தெரியும். அவருக்குக் கோபம் வரும். ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

டிஸ்கிலும் இதே கதைதான். ஒரு கட்டில் ஒரு தாள் இருந்தாலும் ஆயிரம் தாள் இருந்தாலும் ரிஜிஸ்டரில் ஒரு வரி போகிறது அல்லவா? அதுபோல, ஒரு வரிக் கடிதத்தைப் பைலாகச் சேமித்தாலும் ஒரு ஹெடர். முழுச் சினிமாப் படத்தைச் சேமித்தாலும் குறைந்தது ஒரு ஹெடர். பெரிய பைல்கள் இடத்தைத் தின்னும். சின்னச் சின்னப் பைல்கள் ஹெடரைத் தின்னும். நம் அலுவலகங்களில் பெருகுவது எது? ரசீது, டோக்கன், எடைச்சீட்டு, சிறு போட்டோ, பிரிண்ட் எடுப்பதற்காகத் தற்காலிகமாக உண்டாகும் பைல் என்று எல்லாம் பொடிப் பொடியானவை.

பிளாப்பி காலத்திலேயே இருந்த தொல்லை

இது புதிய நோய் அல்ல. 1.44 மெகாபைட் பிளாப்பி டிஸ்கை உபயோகித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அதன் முதல் டைரக்டரியில் 224 பெயர்களுக்குத்தான் இடம் உண்டு. ஒரு கிலோபைட் அளவுள்ள கடிதங்களாக அதில் சேமித்துக் கொண்டே போனால், பிளாப்பியின் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்கு கூட நிரம்பாத நிலையிலேயே கதவு சாத்தப்படும். உள்ளே துணை டைரக்டரி ஒன்று திறந்து கொண்டால் தப்பிக்கலாம். இந்தச் சூட்சுமம் தெரியாதவர்கள் பிளாப்பி கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தார்கள்.

இன்றைய லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஹெடருக்கு ஐநோடு என்று பெயர். அதில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்ட்-4 என்ற முறையில் டிஸ்கைத் தயார் செய்யும்போது, வேறு எண் எதுவும் சொல்லாவிட்டால், 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோடு என்று ஒதுக்கப்படும். எண்ணிக்கை அன்றோடு முடிவாகிவிடுகிறது. 100 கிகாபைட் டிஸ்குக்கு ஏறக்குறைய 65 லட்சம் ஐநோடு. பெரிய எண்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய அலுவலகத்தில் நாளொன்றுக்கு 20,000 சிறு பைல்கள் உண்டாகின்றன என்றால், 328-ம் நாள் அத்தனையும் தீர்ந்துவிடும். ஒரு சிறு பைலுக்கு 4 கிலோபைட் இடம் போகிறது என்று வைத்துக் கொண்டால், அன்றைக்கு டிஸ்கில் நிரம்பியிருப்பது கால் பங்குதான். முக்கால் பங்கு காலி!

வேதனை என்னவென்றால், யுனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் இடம் தீர்ந்தாலும் ஐநோடு தீர்ந்தாலும் திரையில் வரும் செய்தி ஒன்றேதான்: சாதனத்தில் இடமில்லை. குமாஸ்தா மேலதிகாரியிடம் ஓடுகிறார். மேலதிகாரி பார்த்தால் முக்கால் பங்கு காலி. "என்னய்யா உளறுகிறாய்?" என்று திட்டு விழுவது யாருக்கு? மெமோ வாங்குவது யார்? சின்ன உத்தியோகஸ்தர்தான்.

ரயில்வே ரிசர்வேஷன் குடும்பம்

ஹெடர் கணக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தாக வேண்டிய கம்ப்யூட்டர் குடும்பம் ஒன்று நம் நாட்டில் பல்லாண்டுகள் உழைத்தது. நாம் எல்லோரும் அதன் வாசலில் நின்றவர்களே. 1985-86-ல் ரயில்வே நிர்வாகம் டில்லியில் கம்ப்யூட்டர் மூலம் ரிசர்வேஷன் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தது அந்நாளில் பொதுத்துறை நிறுவனமாக இருந்த சி.எம்.சி. இயந்திரம், அமெரிக்காவின் டிஜிட்டல் கம்பெனி தயாரித்த வாக்ஸ். அதை நடத்தியது 1977-ல் அறிவிக்கப்பட்ட வி.எம்.எஸ். என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். பின்னர் ரயில்வேயின் சொந்தக் கம்ப்யூட்டர் அமைப்பான கிரிஸ் தயாரித்த கான்சர்ட் என்ற ஏற்பாடு 1994-ல் செகந்தராபாத்தில் முதலில் வந்தது. 1999-க்குள் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து மையங்களும் இணைக்கப்பட்டன. எந்த ஊர்க் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்ற வசதி அப்படித்தான் பிறந்தது. கான்சர்ட்டும் வி.எம்.எஸ். வழியில் வந்ததே.

இந்த வி.எம்.எஸ். டிஸ்கில் ஹெடர்கள் எல்லாம் இண்டெக்ஸ் பைல் என்ற ஒரே ஏட்டில் இருக்கும். ஒரு ஹெடருக்கு 512 பைட். பைலின் பெயர், சொந்தக்காரர், தேதிகள், யார் தொடலாம் என்ற அனுமதி, டிஸ்கில் எந்தெந்தப் பகுதியில் அது கிடக்கிறது என்ற வரைபடம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். அந்த டிஸ்கில் அதிகபட்சம் எத்தனை பைல் என்பது அதைத் தயார் செய்யும் நாளிலேயே தீர்மானமாகிவிடும். பிற்பாடு அந்த எண்ணை உயர்த்த வேண்டுமானால் டிஸ்கை முழுதும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தயார் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய அலுவலகத்தில் இது லேசான காரியமா?

அங்கே ஹெடர் மூன்று வழியில் செலவாகும். முதலாவது, ஒரு பைலைத் திருத்திச் சேமித்தால் பழையது அழியாது. அடுத்த எண் போட்ட புதிய பிரதி உண்டாகும். ஒரே பெயரில் இப்படி 32,767 வரை எண் போகலாம். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு ஹெடர். இரண்டாவது, ஒரு பைல் டிஸ்கில் பல துண்டுகளாகச் சிதறினால் அதன் வரைபடம் ஒரு ஹெடரில் அடங்காது. கூடுதல் ஹெடர்கள் வேண்டும். மூன்றாவது, ஏடே வளரத் தடை. தயார் செய்பவர் எண் ஒன்றும் சொல்லாவிட்டால் பதினாறு ஹெடர்களுக்கு மட்டுமே முதலில் இடம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. அப்புறம் தேவைப்படும்போதெல்லாம் ஏடு துண்டு துண்டாக நீளும். ஆனால் ஏட்டின் வரைபடம் மட்டும் ஒரே ஹெடருக்குள் அடங்கியாக வேண்டும் என்பது விதி. காலி இடம் சிதறிக் கிடந்தால் ஏடு வளர முடியாமல் நின்றுவிடும். உச்ச எண்ணிக்கையை எட்டியிருக்காது, இடமும் இருக்கும், என்றாலும் புதுப் பைல் எழுத முடியாது.

ஆகவே, அந்தக் குடும்பத்து இயந்திரங்களைக் கட்டி மேய்த்தவர்களில் அனுபவசாலிகள் ஆரம்பத்திலேயே தாராளமாக ஹெடர் ஒதுக்குவார்கள். எத்தனை உபயோகமாயிற்று, எத்தனை மிச்சம் என்று அவ்வப்போது எண்ணிப் பார்ப்பார்கள். அந்த ஒழுக்கம் இன்றைய சிறு அலுவலகங்களுக்கு வந்து சேரவில்லை என்பதே நமது குறை.

காகிதத்துக்கு இருந்த சட்டம்

வெள்ளைக்காரர் காலத்துச் சட்டங்களை நாம் எவ்வளவோ குறை சொல்கிறோம். ஆனால் சொத்துப் பத்திரம் பதிய ரிஜிஸ்டிரார் ஆபீஸுக்குப் போகிறோமே, அந்தப் பதிவை நடத்தும் 1908-ம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். பத்திர நகல் எழுதும் புத்தகங்களின் பக்கங்களுக்கு அச்சிலேயே வரிசை எண் இருக்க வேண்டும். ஒரு புத்தகத்தில் எத்தனை பக்கம் என்பதை, அதைக் கொடுக்கும் அதிகாரி முதல் பக்கத்திலேயே சான்று எழுதித் தர வேண்டும். புத்தகங்கள் தனி, அவற்றைத் தேடித் தரும் இண்டெக்ஸ் தனி என்றும் அச்சட்டம் வகுத்திருக்கிறது. யாரும் தாளைக் கிழித்துவிடக் கூடாது, இடையில் சொருகிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. அந்த விதியால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. ஏட்டில் எத்தனை பக்கம், இன்று எத்தனையாம் பக்கம் என்பது ஏட்டைத் திறந்த எவருக்கும் தெரிந்தது. புது ஏட்டுக்கு எப்போது இண்டெண்ட் போட வேண்டும் என்று குமாஸ்தா தாமாகவே அறிந்தார்.

காகித ஏட்டுக்கு நூறு வருடத்துக்கு முன்பே இருந்த இந்தக் கணக்கு, கம்ப்யூட்டர் ஏட்டுக்கு ஏன் இல்லை? கண்ணுக்குத் தெரியாத ஏடு என்பதால் தீராத ஏடு ஆகிவிடுமா?

மூன்று சமாதானங்கள்

இதைப் பேசினால் மூன்று சமாதானங்கள் சொல்வார்கள்.

"இப்போதெல்லாம் டிஸ்குகள் பெரியவை" என்பது ஒன்று. டிஸ்க் பெரிதானால் ஹெடரும் கூடுகிறது என்பது மெய். ஆனால் பைல்களும் கூடவே பெருகுகின்றன. முன்பு ஒரு நாளைக்கு ஒரே பைலில் எழுதிய ரசீதுகளை இப்போது ஆளுக்கொரு பைல், அதற்கொரு போட்டோ, அதற்கொரு நகல் என்று எழுதுகிறார்கள்.

"விண்டோஸில் அந்தப் பிரச்னை இல்லை, ஏடு தானாக வளரும்" என்பது இரண்டாவது. வளரும், ஒரு பைலுக்குப் பொதுவாக 1,024 பைட் வீதம் வளரும். லட்சக்கணக்கான பைல்களை அழித்த பின்னும் அந்த ஏடு தானாகச் சுருங்காது. துண்டு துண்டாகச் சிதறினால் கம்ப்யூட்டர் மந்தமாகும். தானாக வளர்கிற கடனைக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

"அது காண்டிராக்டர் வேலை" என்பது மூன்றாவது. இருக்கட்டும். லாரிக்கு டீசல் நிரப்புவது முதலாளி செலவுதான். ஆனாலும் முள் எங்கே நிற்கிறது என்று டிரைவர் பார்க்கிறாரே! நடுவழியில் நிற்கப் போவது அவர்தானே?

அவசரத்தில் அழிக்காதீர்கள்

கணக்குப் பார்க்காததன் பெரிய ஆபத்து கம்ப்யூட்டர் நின்று போவது அல்ல. நின்ற பிறகு நடக்கும் பதற்றம்தான் பெரிய ஆபத்து. வெளியே வரிசை நீள்கிறது. உள்ளே டெலிபோன் அலறுகிறது. யாரோ ஒருவர், "பழைய பைல்களை அழித்துத் தள்ளு" என்கிறார். அழித்த மறு நிமிஷமே கம்ப்யூட்டர் ஓடுகிறது. எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு முதியவர் வந்து, தமது பழைய சம்பளப் பட்டியலையோ பி.எப். கணக்கையோ கேட்கும்போதுதான் அன்றைக்கு எது போயிற்று என்று தெரிய வரும். வேறு மாநிலத்தில் பிழைக்க வந்த தொழிலாளிக்கு, இங்கே வேலை பார்த்ததற்கு அந்த ஒரு பதிவைத் தவிர வேறு என்ன சாட்சி இருக்கிறது?

ஹெடரை மிச்சப்படுத்த அழிப்பதைவிட நல்ல வழி உண்டு. ஒரு மாதத்து ஆயிரம் சிறு பைல்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரு பைலாக்கி விடலாம். ஆயிரம் ஹெடர் ஒன்றாகக் குறையும். தகவலில் ஒரு எழுத்தும் குறையாது. கட்டிய கட்டு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து, இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைத்த பின்பே சில்லறைப் பைல்களை நீக்க வேண்டும். பிரிண்ட் எடுத்து முடிந்த தற்காலிகப் பைல்களை மட்டும் தயங்காமல் அழிக்கலாம். எது தற்காலிகம், எது ஆவணம் என்பதை அமைதியான நாளிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். நெருப்புப் பிடித்த நேரத்தில் தீர்மானிக்கிற விஷயமல்ல அது.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். திங்கட்கிழமைதோறும் இரண்டு எண்களை அதில் எழுத வேண்டும். டிஸ்கில் எவ்வளவு இடம் உபயோகமாயிற்று என்பது ஒன்று. எத்தனை ஹெடர் உபயோகமாயிற்று என்பது மற்றொன்று. லினக்ஸ் கம்ப்யூட்டரில் இடத்தைக் காட்டும் டி.எஃப். என்ற கட்டளையோடு "ஐ" என்ற சிறு எழுத்தைச் சேர்த்துக் கேட்டால் இரண்டாவது எண் வந்துவிடும். ஒரு நிமிஷ வேலை.

எண்ணைப் பார்ப்பது பாதி வேலை. போன மாதத்து எண்ணோடு ஒப்பிடுவது மறு பாதி. மொத்தம் 65 லட்சம் ஹெடர்; பிப்ரவரி முடிவில் 41 லட்சம் செலவு, மார்ச் முடிவில் 47 லட்சம் செலவு என்று வைத்துக் கொள்வோம். மாதம் 6 லட்சம் போகிறது. மிச்சம் 18 லட்சம். மூன்று மாதம்தான் தாங்கும். ஜூன் கடைசியில் தீரும். ஜூன் கடைசி என்றால் சித்தூர் வட்டாரத்தில் என்ன காலம்? தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் மாங்கூழ்த் தொழிற்சாலை வாசலில் வரிசை கட்டி நிற்கும் காலம். எடைச்சீட்டு போடும் கம்ப்யூட்டர் அன்றைக்கு நின்றால், வெயிலில் கனிந்து அழுகுவது விவசாயியின் மாங்காய். வேலையின்றி உட்கார்ந்திருப்பது இறக்குகூலி ஆட்கள். மார்ச் மாதத்தில் ஒரு சிறு கூட்டல் கழித்தல் செய்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய நஷ்டம்! சீசனில் பைல்கள் வேகமாகப் பெருகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்று மாத அவகாசம் கூட இல்லை.

பத்தில் ஏழு பங்கு செலவானதும் நோட்டில் சிவப்பு மசியால் கோடிட்டு, மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எழுத்து மூலம் என்பது முக்கியம். பிற்பாடு "என்னிடம் யார் சொன்னது?" என்ற கேள்வி எழாது. குமாஸ்தாவுக்கு அந்த நோட்டே கவசம்.

நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கும்போது எத்தனை கிகாபைட் என்று கேட்கிறீர்கள். எத்தனை பைல்கள் கொள்ளும்படி டிஸ்க் தயார் செய்யப்பட்டது என்றும் கேளுங்கள். அந்த எண்ணைக் காண்டிராக்டரிடம் எழுதி வாங்கிப் பெட்டியின் மேல் ஒட்டி வையுங்கள். 1908-ல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னது போலத்தான்.

கம்ப்யூட்டர் நின்றதும் அடுத்த டிஸ்குக்கு ஆர்டர் போடுவதும், சின்ன உத்தியோகஸ்தருக்கு மெமோ கொடுப்பதும் நிர்வாகம் அல்ல. எண்ணிப் பார்க்கக் கூடிய ஒன்றை எண்ணாமல் விட்டு, அதன் பலனைக் கவுண்டருக்கு வெளியே நிற்பவர் தலையில் கட்டுவது நியாயமும் அல்ல. அடுத்த திங்கட்கிழமை முதல் எண்ணத் தொடங்குங்கள்.